சிலிண்டர், பீரோ, ஷோகேஸில் ஒரு பவளப்பாறை: லாரியில் எதை ஏற்றலாம்?

ராமேசுவரம் தீவின் கடலோர ஊர் ஒன்றிலிருந்து 54 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். கணவர் விசைப்படகு உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். இப்போது 80 வயது மாமியாரை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட முடிவு செய்திருக்கிறார். ஆடி பிறப்பதற்குள் போயாக வேண்டும் என்கிறார் மாமியார்.

பேக்கர்ஸ் ஆள் ஒருவர் வந்து பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். 32,000 ரூபாய், அது போக இன்சூரன்ஸுக்குப் பொருள் மதிப்பில் 3 சதவீதம் என்று சொல்லிவிட்டு, "எல்லாத்தையும் ஏத்திரலாங்க்கா, நீங்க கையை வீசிக்கிட்டு வாங்க" என்றாராம். பக்கத்து வீட்டுக்காரரோ, "சிலிண்டர் ஏற்றக் கூடாது, பேட்டரி ஏற்றக் கூடாது, ஷோகேஸில் இருக்கிற பவளப்பாறையை எடுத்துக்கொண்டு போனால் ஃபாரஸ்ட்காரன் பிடித்துக்கொள்வான்" என்று பயமுறுத்தியிருக்கிறார். யார் சொல்வது சரி என்பது கடிதத்தின் கேள்வி. கூடவே மூன்று சந்தேகங்கள்: இன்சூரன்ஸ் போட்டுவிட்டால் நகையைப் பீரோ லாக்கரிலேயே வைத்துப் பூட்டிவிடலாமா? மாமனார் நாற்பது வருடத்துக்கு முன் கரையில் பொறுக்கிய, என்றைக்கோ செத்துப்போன பவளம் எப்படிக் குற்றமாகும்? கொட்டேஷன் தாளில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சிட்டிருப்பதால் எது உடைந்தாலும் கேட்க முடியாதா?

சகோதரி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பெரும்பகுதி சரி. பேக்கர்ஸ் ஆள் பொய் சொன்னார் என்றும் சொல்ல மாட்டேன். அவர் உண்மையிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார். ஆனால் ஏற்றுவது வேறு, ஏற்றியதற்குப் பொறுப்பேற்பது வேறு. நுகர்வோர் வழக்குகளில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஏமாந்தவர்கள்தான். உங்கள் பட்டியலை அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

லாரியில் ஏறவே கூடாதவை

முதலில் சிலிண்டர். நிறைந்த ஒன்று, பாதி காலியான ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி காலி என்பதால் ஆபத்து பாதியாகிவிடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் பிடித்த தீ உங்களுக்கு நினைவிருக்கும். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த ஒரு சிலிண்டர், 9 உயிர்கள். மெத்தையும் துணிமூட்டையும் மரச்சாமானும் அடைத்த லாரிக்குள் கசிந்தால் கேட்கவே வேண்டாம்.

"டெபாசிட் கட்டியிருக்கிறேனே, சிலிண்டர் என்னுடையதுதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நீங்கள் கட்டியது அவற்றுக்கான பிணைத்தொகை. உங்கள் கேஸ் ஏஜென்சியில் இரண்டு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் பிணைத்தொகையைத் திருப்பித் தந்து, டெர்மினேஷன் வவுச்சர் என்று ஒரு சீட்டும் கொடுப்பார்கள். கோவையில் தனி வீடு எடுத்துத் தனிச் சமையல் என்றால் அதைக் காட்டிப் புது இணைப்பு வாங்கலாம். நீங்கள் போவது மகன் வீட்டுக்கு, அடுப்பும் ஒன்றுதான். ஒரு குடும்பத்துக்கு ஓர் இணைப்பு என்பது விதி. ஆகவே ஒப்படைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பைத் தாராளமாக ஏற்றலாம். பழைய ரப்பர் குழாய் மட்டும் வேண்டாம்.

கணவர் கடையில் மிச்சமிருந்த மண்ணெண்ணெய் கேன், படகுக்கு அடிக்கும் பெயின்ட், தின்னர், அரை கேன் இன்ஜின் ஆயில் எதுவும் வீட்டுச் சாமானோடு போகக் கூடாது. ஊரில் படகு வைத்திருப்பவர்கள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஸ்கூட்டரை ஏற்றலாம், பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு. பூஜை அறையில் இருக்கும் கற்பூர டப்பா, தீப்பெட்டிக் கட்டு, பாத்ரூமில் இருக்கும் ஆசிட் பாட்டில், இவற்றை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. இவையும் அதே கூட்டம்தான்.

இதில் ஒரு சட்டப் புள்ளி உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, அனுப்பும் பொருள் என்ன என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது. எழுதியது தவறாக இருந்து அதனால் வண்டிக்காரருக்கு நட்டம் வந்தால் ஈடு கட்ட வேண்டியவரும் நீங்களே. பாத்திரப் பெட்டிக்குள் மண்ணெண்ணெய் கேனைச் செருகிவிட்டு 'பாத்திரம்' என்று எழுதுவது சின்ன விஷயமில்லை.

இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டுங்கெட்டான். உள்ளே ஆசிட் இருக்கிறது, சாய்த்தால் வழியும். நிமிர்த்தி வைத்து, முனைகளில் டேப் சுற்றி, தனி மரச்சட்டத்தில் கட்டினால் கொண்டு போகலாம். சிலர் மாட்டேன் என்பார்கள். உங்களுடையதற்கு ஆறு வயது என்கிறீர்கள். உள்ளூர்க் கடையில் பழைய விலைக்குக் கொடுத்துவிட்டு இன்வெர்ட்டரை மட்டும் எடுத்துப் போங்கள். அறுபது கிலோ கனத்தைத் தூக்கிப்போய் ஒரு வருடத்தில் மாற்றப்போகிறீர்கள், எதற்கு?

அந்தப் பவளப்பாறை

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்தது இதுதான். அதற்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது மூன்றே வரி.

நம் கரையில் பவளத்தைக் கல் என்றே பழகிவிட்டோம். அந்தக் காலத்தில் வீட்டுச் சுவருக்கு வைத்தார்கள், சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தேன்கூடு மாதிரி துளைத்துளையாகத் தெரியும்; அது பவளம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் பவளம் கல் அல்ல, உயிரினத்தின் கூடு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பவளங்களும் கடல் குதிரையும் உண்டு. ஷோகேஸில் பவளத்துக்குப் பக்கத்தில் காய்ந்த கடல் குதிரை இரண்டு இருப்பதாகவும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

"செத்துப்போனதுதானே" என்பது இங்கே எடுபடாது. யானை செத்த பிறகும் தந்தத்தைத் தொட முடியாது அல்லவா, அதே கதைதான். உயிரோடு இருப்பதற்கு மட்டுமல்ல, உடல், உடலின் பகுதி, அதிலிருந்து செய்த பொருள் எல்லாவற்றுக்கும் சட்டம் பொருந்தும். முதல் அட்டவணை உயிரினம் என்றால் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை போகலாம். மாமனார் பொறுக்கிய காலத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், உண்மை. இன்றைக்கு அதை வைத்திருப்பவர் நீங்கள். நாளைக்கு லாரியில் ஏற்றினால் கடத்துபவரும் நீங்கள் என்றாகிவிடும். அதே சட்டத்தின் 48-ஏ பிரிவு வண்டிக்காரரையும் பிடிக்கிறது: வன உயிரினப் பொருளை ஏற்றும் முன் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் கடமை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986 முதல் இங்கே இருக்கிறது. கடல் அட்டைக் கடத்தலுக்காக வாகனங்களைச் சோதிப்பது இந்தக் கரையில் வாடிக்கை. உங்கள் லாரியை நிறுத்தினால் துணிப்பெட்டி எது, அட்டைப்பெட்டி எது என்று பிரித்துத்தான் பார்ப்பார்கள்.

என்ன செய்யலாம்? ராத்திரியோடு ராத்திரியாகக் கடலில் போட்டுவிடலாம் என்று உங்கள் தம்பி சொன்ன யோசனை வேண்டாம். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், விற்கவே விற்காதீர்கள், கைமாற்றுவதும் குற்றம். இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து வைத்துக்கொண்டு, ராமநாதபுரத்தில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். எப்போது, யார் எடுத்தது, ஏன் இப்போது ஒப்படைக்கிறீர்கள் என்று ஒரு கடிதம் தயாரித்து, அவரோடு போய் வனத்துறையிடம் கொடுத்து, ஒப்புகை வாங்குவதே நான் சொல்லும் வழி. தானாக முன்வந்து கொடுத்தால் வழக்கே வராது என்று சட்டம் உத்தரவாதம் தரவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் வழக்கறிஞர் இல்லாமல் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். ஆனாலும் தானாகக் கொடுப்பவர் நிலைமையும் சோதனையில் சிக்குபவர் நிலைமையும் ஒன்றல்ல.

மாமியார் பூஜையில் வைத்திருக்கும் வெண்சங்கை நினைத்துப் பயப்பட வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் வெளிப்படையாக விற்கும் வகை அது. மற்ற சிப்பிகள் ஏதாவது இருந்தால் அவற்றையும் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். சிப்பிகளிலும் சில அட்டவணையில் இருக்கின்றன.

உங்கள் கையோடு வர வேண்டியவை

நகை. "பீரோ சாவி என்னிடம்தானே இருக்கும்" என்கிறீர்கள். சாவி உங்களிடம் இருப்பதுதான் சிக்கலே. பூட்டிய பீரோவுக்குள் 18 பவுன் இருந்தது என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? பெட்டிப் பட்டியலில் 'ஸ்டீல் பீரோ 1' என்றுதான் இருக்கும். நகை, பணம், பத்திரம் தொலைந்தால் பொறுப்பில்லை என்று பேக்கர்ஸ் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வீட்டுச் சாமானுக்கு எடுக்கும் இன்சூரன்ஸும் இவற்றைப் பெரும்பாலும் சேர்க்காது. இன்னொன்றும் சொல்கிறேன்: நம் கரை வீடுகளில் பீரோவின் அடித்தகடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒருமுறை ஒரு வீட்டில் நான்கு பேர் பீரோவைத் தூக்க, அடித்தகடு உப்பில் இற்றுப்போய் அப்பளம் மாதிரி பிய்ந்து, உள்ளே இருந்த புடவையெல்லாம் திண்ணையில் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். பீரோவைக் காலி செய்துதான் தூக்க வேண்டும்.

வீட்டுப் பத்திரம், கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், பாஸ்புக், கடையின் பழைய கணக்கு எல்லாம் ஒரே பையில், உங்கள் மடியில். மூலப்பத்திரம் தொலைந்தால் போலீஸ் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம் என்று அலைச்சல் தீராது. ரொக்கமாக எடுத்துப் போகாதீர்கள். தேர்தல் நேரமாக இருந்தால் 50,000 ரூபாய்க்கு மேல் கணக்குக் காட்டச் சொல்லிப் பறக்கும் படை நிறுத்தும்.

மாமியாரின் இன்சுலின் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனியை உருக்கி, தண்ணீரைத் துடைத்து எடுத்த பிறகுதான் ஏற்ற வேண்டும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. ஐஸ் பெட்டியில் வைத்து நீங்களே கொண்டு போங்கள். பாட்டில் நேராக ஐஸில் படாமல் துணி சுற்றி வையுங்கள், உறைந்தாலும் கெட்டுவிடும்.

அப்புறம் கருவாடு. சீலாவும் நெத்திலியும் இரண்டு டப்பா என்று எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். சட்டப்படி தடை ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் பேசியிருப்பது பங்கு லாரி. மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இன்னொரு வீட்டுச் சாமானும் ஏறும். அவர்கள் மெத்தையில் உங்கள் நெத்திலி வாசம் ஏறினால் சண்டை உங்களிடம்தான் வரும். இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு உங்கள் காரில் வையுங்கள். கருப்பட்டியும் அப்படியே; லாரிச் சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

'ஓனர்ஸ் ரிஸ்க்' என்ற மிரட்டல்

இந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். தேவையில்லை. அப்படி அச்சிட்டிருந்தாலும் கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு வண்டிக்காரர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு நாத் பிரதர்ஸ் வழக்கிலேயே சொல்லிவிட்டது. கவனக்குறைவு இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நன்றாக ஒப்படைத்த பொருள் உடைந்து வந்தது என்று காட்டினால் போதும்.

ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பதில் ஒரு வரம்பு உண்டு. அதிக மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், வண்டிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் 10 மடங்கு வரைதான். உங்கள் கொட்டேஷனைப் பாருங்கள்: வண்டி வாடகை 14,000, பேக்கிங் 10,000, ஏற்றி இறக்க 8,000. நீங்கள் 32,000-ஐப் பத்தால் பெருக்கிக்கொண்டிருப்பீர்கள். அவர்கள் வக்கீல் 14,000-ஐப் பெருக்கி, 1,40,000-க்கு மேல் கிடையாது என்பார். உங்கள் சாமானின் மதிப்பு 4 லட்சம். ஆகவே மதிப்பை அறிவித்து, அதைச் சரக்கு ரசீதில் எழுத வைப்பது அவசியம்.

அடுத்தது அந்த 3 சதவீதம். 4 லட்சத்துக்கு 12,000 ரூபாய். இன்சூரன்ஸ் என்று வாயால் சொல்கிறார்கள்; பில்லில் 'எஃப்.ஓ.வி.' (ஃபிரைட் ஆன் வேல்யூ, அதாவது பொருள் மதிப்பின் மேல் போடும் கட்டணம்) என்று இருக்கும். அது இன்சூரன்ஸ் அல்ல, அவர்களே தரும் ஒரு வாக்குறுதி. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உங்கள் பெயரும் உள்ள சான்றிதழைக் கேளுங்கள். கொடுத்தால், அது 'ஏ' பிரிவா, 'பி' பிரிவா என்று பாருங்கள். 'ஏ' என்றால் பெரும்பாலான சேதங்களுக்கும் உண்டு. 'பி' என்றால் தீ, மோதல், வண்டி கவிழ்வது போன்ற பட்டியலிட்ட விபத்துகளுக்கு மட்டும்; குலுங்கலில் கண்ணாடி உடைந்தால் கைவிரித்துவிடுவார்கள். எதிலானாலும், நீங்களே மூட்டை கட்டிய பொருள் சரியாகக் கட்டாததால் உடைந்தால் பணம் வராது. கண்ணாடி, பீங்கான், ஊறுகாய் ஜாடியை அவர்களையே கட்டச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

பொருட்பட்டியல் எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். உப்புக்காற்று ஊர் என்பதால் எல்லாவற்றுக்கும் நேராக 'துரு, கீறல்' என்று எழுதித் தள்ளுவார்கள். தொண்டிப் பக்கத்து ஆசிரியர் ஒருவரின் வழக்கில் இதுதான் நடந்தது: ஃபிரிட்ஜ் ஒரு பக்கம் நசுங்கி வந்தது, பட்டியலில் ஏற்கெனவே 'கீறல், நசுங்கல்' என்று எழுதி அவர் கையெழுத்தும் இருந்தது. இறக்கிய இடத்திலும் பெட்டியைப் பிரிக்காமலே 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தக் கட்சிக்காரருக்கு நான் வாங்கிக் கொடுக்க முடிந்தது பாதி விலைதான். நீங்கள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி மூன்றையும் ஓடும் நிலையில் வீடியோ எடுங்கள். பின்பக்கம், கால், அடிப்பகுதி தெரியட்டும். இறக்கிய பிறகு 'பிரித்துப் பார்க்கவில்லை' என்று கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூடிய கன்டெய்னர் வண்டியாகக் கேளுங்கள். ஆனி மாதக் காற்றில் பாம்பன் பாலத்தைத் திறந்த லாரியில் கடந்தால் மெத்தை உப்பு குடித்துவிடும்.

ஏதாவது உடைந்தாலோ தொலைந்தாலோ, பொருளைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் இது வேண்டும். இதைக் கோட்டைவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம். 'சென்னை நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டது' என்று அச்சிட்டிருந்தாலும் கவலை வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். உங்கள் தொகைக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

ஆடிக்கு மூன்று வாரம் இருக்கிறது. வழக்கறிஞரைப் பார்ப்பதை முதலில் வையுங்கள், கேஸ் ஏஜென்சியை அடுத்து. பேக்கர்ஸ் ஆளிடம் வாடகையையும் இன்சூரன்ஸையும் தெளிவாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்; மழுப்பினால் மதுரையில் இன்னும் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். மாமியார் விட மாட்டேன் என்கிற அம்மிக்கல்லை ஏற்றலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஏற்றலாம். டிவி பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்க விடாதீர்கள்.